பொழிமுகத்தில் தங்கி, எந்த மைதானத்தில் ஆடுவது?

டிசம்பர் பிறந்தால் பாறசாலை, செங்கல், இஞ்சிவிளை, களியக்காவிளை என்று கேரள, தமிழ்நாட்டு எல்லையின் இரு பக்கத்து ஊர்களிலும் வாடகை வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து இறங்கும் மாதம் அது. பெட்டிகளுக்கும் போர்வைக் கட்டுகளுக்கும் நடுவே இப்போது சிலருடைய சாமான்களில் நீண்ட பை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. உள்ளே கோல்ஃப் மட்டைகள். துபாயின் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் 1988இல் திறந்தபோது மத்திய கிழக்கிலேயே முதல் புல்தரை மைதானம் அதுதான். அதன்பின் வளைகுடா நகரங்களில் மைதானங்கள் பெருகின. கணக்கராகவும் பொறியாளராகவும் போனவர்கள் வாரக் கடைசியில் பழகிய ஆட்டம், விடுமுறைக்கு ஊருக்கும் கூடவே வருகிறது.

வந்தவர்கள் வீட்டில் சில நாள் இருப்பார்கள். பிறகு குடும்பத்தோடு பூவாற்றில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு மூன்று நாள். நெய்யாறு கடலோடு சேரும் பொழிமுகம் அது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவே மணல்திட்டு. 1860இல் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்கத் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இந்தப் பூவாற்று வழியாகத்தான் தெற்கே போகிறது. படகு இருக்கிறது, நீச்சல்குளம் இருக்கிறது, எண்ணெய்க் குளியல் இருக்கிறது. மட்டையோடு வந்தவர் இரண்டாம் நாளே கேட்கிறார்: “அண்ணா, பக்கத்துல எங்க ஆடலாம்?”

ஒழுங்கான பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி இது. கோல்ஃப் செலவுள்ள ஆட்டம், நேரம் தின்னும் ஆட்டம். பதினெட்டுக் குழி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏழெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர் அந்தப் பகல்களை வயதான அம்மாவிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் எடுத்துக்கொண்டுதான் ஆடப் போகிறார். ஆகவே எந்த மைதானம் என்பதை இணையப் படங்களைப் பார்த்து முடிவு செய்வது சரியல்ல. என் பதில் இது: பத்து நாள் விடுமுறைக்கு இரண்டு மைதானம் போதும். தினப் பழக்கத்துக்குப் பக்கத்தில் ஒன்று, மனதில் நிற்பதற்கு மலையில் ஒன்று. மலை எது என்பதை நீங்கள் வரும் மாதம் முடிவு செய்யட்டும். எங்கே போனாலும் ஒரு விஷயத்தைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்: இந்தப் புல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கவடியாரில் ஒன்பது குழி

பக்கத்தில் இருப்பது ஒன்றுதான். திருவனந்தபுரம் கவடியாரில், அரண்மனைக்கு அருகே இருக்கும் திருவனந்தபுரம் கோல்ஃப் கிளப். நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், பாறசாலையிலிருந்து சுமார் 30. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் தேசிய நெடுஞ்சாலை நெரிசலுக்கு முன் போய்ச் சேரலாம். எட்டரைக்குப் பிறகு பாலராமபுரம், நேமம் பக்கம் சிக்கினால் ஆட்டத்தின் பாதி சாலையிலேயே போய்விடும்.

திருவிதாங்கூர் மன்னர் குடும்பத்தின் ஆதரவில் 19ஆம் நூற்றாண்டில் உருவான மைதானம் இது. ஒன்பது குழிகள்தான். பதினெட்டு ஆட வேண்டுமென்றால் இரண்டு சுற்று. பெரிய மைதானங்களில் பழகியவர்கள் ஒன்பது குழி என்றதும் முகம் சுருக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. நகரத்தின் நடுவே, பழைய மரங்களுக்கு இடையில், சுமார் 25 ஏக்கருக்குள் அடங்கும் மைதானம் இது. இங்கே தூரம் அடிக்கும் வலிமைக்கு மதிப்பு குறைவு. நேராக அடிப்பதற்கும், கிரீனுக்கு அருகில் மெதுவாகத் தட்டுவதற்கும்தான் மதிப்பு. துபாயில் வண்டியில் ஏறி ஆடிப் பழகியவருக்கு, இரண்டு மணி நேரத்தில் நடந்து முடிக்கும் ஒரு சுற்று உடம்புக்கு நல்லது, பதினோரு மணிக்கு வீட்டில் அம்மாவோடு காப்பி குடிக்கவும் வழி செய்யும். விடுமுறைக்கு வந்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த நிலம் அரசு நிலம். குத்தகை பாக்கியையும் நிலத்தின் உரிமையையும் பற்றி மாநில அரசுக்கும் கிளப்புக்கும் நீண்ட வழக்கு நடந்தது. 2000களின் இறுதியில் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முயன்றது. நகரத்தின் விலை உயர்ந்த பகுதியில் இத்தனை ஏக்கர் யாருக்காக என்ற கேள்வி நியாயமானது. அதற்குக் கிடைத்த விடைகளில் எனக்குப் பிடித்தது, இந்திய விளையாட்டு ஆணையம் இங்கே கோல்ஃப் அகாடமி அமைத்து மைதானத்தைப் புதுப்பித்ததுதான். உறுப்பினர்களின் மாலைப் பொழுதுக்காக மட்டும் இருந்த புல்தரையில் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறார்கள் என்றால், பொது நிலத்துக்கு அது ஒரு பொருத்தமான பயன். விடுமுறைக்கு வரும் வளைகுடாக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை முதலில் இங்கேதான் கூட்டிப்போக வேண்டும் என்பது என் எண்ணம்.

உறுப்பினர் அல்லாதவர்களுக்கான கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, தொலைபேசியில் கேட்டுக்கொள்வதே நல்லது. ஆனால் மழையைப் பற்றி நான் சொல்ல முடியும். நம் பக்கத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கித் தென்மேற்கு, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. துலாமாதத்தில் மதியம் வரை வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மேல் இடியோடு இறங்கும். திறந்த வெளியில் இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி வீசும் ஆட்டத்துக்கு அது ஆபத்தான நேரம். அந்த மாதங்களில் காலை ஆட்டம் மட்டும். இடிச் சத்தம் தூரத்தில் கேட்டாலும் கிளப் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடியில் நிற்கக் கூடாது.

மலையை மாதம் தேர்ந்தெடுக்கட்டும்

நம்மூர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் மூன்று மலைகளில் பழைய மைதானங்கள் இருக்கின்றன. கொடைக்கானல், நீலகிரி, மூணாறு. மூன்றும் வெள்ளைக்காரர் கோடைக்காகவும் தேயிலைக்காகவும் ஏறிய மலைகள். ஒரே ஆட்டம்தான், ஆனாலும் மூன்றும் ஒரே அனுபவம் அல்ல.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. ஏரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, தூண்பாறைக்குப் போகும் திசையில், சுமார் 7,000 அடி உயரத்தில் பதினெட்டுக் குழிகள். தரை ஏறி இறங்கும், பந்து நேர்த்தளத்தில் நிற்பது அரிது. காலுக்கு மேலே பந்து, காலுக்குக் கீழே பந்து என்று நின்று அடிக்கப் பழகாதவர்கள் முதல் நாள் திணறுவார்கள். காட்டெருமைகள் மைதானத்துக்குள் வந்து மேய்வது இங்கே சாதாரணம். அவை விலகும் வரை காத்திருக்க வேண்டும். விரட்டவோ, படம் எடுக்க நெருங்கவோ கூடாது. மேய்ச்சலுக்கு அந்தப் புல்வெளியில் உரிமை உள்ள விலங்கு அது, நாம்தான் விருந்தாளிகள்.

உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. 7,000 அடியில் பந்து சுமார் எட்டு சதவீதம் கூடுதலாகப் பறக்கும் என்பது ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. கவடியாரில் 150 கெஜம் போகும் அடி இங்கே 160ஐத் தாண்டும். ஆனால் விடியற்காலைக் குளிரில் பந்து இறுகி, அந்த லாபத்தில் ஒரு பகுதி போய்விடும். ஆகவே முதல் மூன்று குழிகளில் வழக்கமான மட்டையையே எடுங்கள், வெயில் ஏறிய பிறகு ஒரு எண் கூடுதலான, குட்டையான மட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். மலைகளில் பரவிக்கிடக்கும் கிக்குயு என்ற ஆப்பிரிக்கப் புல் வேறொரு சங்கடம். அது பந்தை விழுங்கிக்கொள்ளும், மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பும். ஃபேர்வேயை விட்டு விலகினால் தூரத்தை மறந்து முதலில் வெளியே எடுப்பதுதான் வழி.

கொடைக்கு அதிக மழை அக்டோபர், நவம்பரில். வடகிழக்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் மலை அது. ஜூன், ஜூலையில் மேற்கே மூணாறு மூழ்கிக்கிடக்கும்போது கொடையில் தூறலும் பனிமூட்டமும் மாறி மாறி வந்தாலும் ஆட வாய்ப்பு அதிகம். பள்ளி விடுமுறைக்கு ஜூலையில் வரும் வளைகுடாக் குடும்பங்களுக்கு அதனால்தான் கொடையைச் சொல்கிறேன். அக்டோபரில் வருகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

நீலகிரியில் இரண்டு. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியை ஒட்டி ஊட்டக்கமண்ட் ஜிம்கானா கிளப்பின் பதினெட்டுக் குழி மைதானம், குன்னூருக்கு அருகே ராணுவக் குடியிருப்பான வெலிங்டனில் 1873இல் தொடங்கிய வெலிங்டன் ஜிம்கானா கிளப்பின் மைதானம். வெலிங்டன் ராணுவப் பகுதி, முன் அனுமதி இல்லாமல் போய் நிற்க முடியாது. ஊட்டி மைதானத்தில் முள்புதர்கள் விளிம்புகளை அடைத்திருக்கும், அங்கே போன பந்தைத் தேட வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் இரவில் உறைபனி படியும். விடியும்போது புல்லின் மேல் வெள்ளை பூத்திருக்க, அதன் மேல் நடந்தால் புல் நுனி கருகிவிடும். எனவே பனி உருகும் வரை காத்திருக்கச் சொல்வார்கள், அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாறசாலையிலிருந்து நீலகிரி தூரம் அதிகம். கோயம்புத்தூரில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் ஏதாவது இருந்தால் சேர்த்துப் போகலாம். ஆட்டத்துக்காக மட்டும் என்றால் நான் போக மாட்டேன்.

ஊட்டிக்கும் கொடைக்கும் இப்போது இ-பாஸ் வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்குள் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பும் விதித்தது. மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டி என்பது சரியான முடிவு. கேரளப் பதிவெண் வண்டியில் போகிறவர்கள் அடிவாரத்தில் நின்று பாஸ் எடுக்கலாம் என்று நினைக்காமல் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மூணாறு

என் விருப்பம் எது என்று கேட்டால் மூணாறு. காரணம் ஆட்டம் மட்டும் அல்ல.

ஹை ரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழி மைதானம் முதிரப்புழை ஆற்றை ஒட்டி, சுமார் 5,000 அடி உயரத்தில், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே விரிந்திருக்கிறது. கிளப்பிலேயே அறை எடுத்துத் தங்கலாம். உடை விதிகள் உண்டு, காலர் இல்லாத சட்டையோடு போனால் சாப்பாட்டு அறைக்குள் விடமாட்டார்கள். நம் பக்கத்திலிருந்து போக எனக்குப் பிடித்த பாதை நாகர்கோவில், திருநெல்வேலி, ராஜபாளையம், தேனி, போடி வழியாக மேட்டில் ஏறுவது. போடிமெட்டைத் தாண்டியதும் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், ஏலக்காய்த் தோட்டங்களின் வாசனை உள்ளே வரும்.

அந்தப் பாதையைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் கேரளத்திலேயே நின்றன. மூணாறு இருப்பது தேவிகுளம் தாலுகாவில். நம்முடைய நெய்யாற்றின்கரையும் அந்த மலையும் ஒரே கோரிக்கை மனுவில் அருகருகே எழுதப்பட்ட பெயர்கள். மூணாறு கடைத்தெருவில் இன்றைக்கும் காதில் விழுவது தமிழ். கொழுந்து பறிக்கும் பெண்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில், தொழிற்சங்கங்களை நம்பாமல், அந்தப் பெண்களே தெருவில் உட்கார்ந்து போனஸ் கேட்டார்கள், வென்றார்கள். மைதானத்தில் ஆறாவது குழியை நோக்கி நடக்கும்போது மேலே சரிவில் கூடை சுமந்து நிற்பவர்கள் அவர்களின் பிள்ளைகளாகவோ தங்கைகளாகவோ இருக்கலாம். அந்தப் புல்லை முதலில் வெட்டிச் சமன்படுத்திய கைகளும் அவர்களின் முன்னோருடைய கைகள்தான். இதை அறியாமல் அங்கே ஆடிவிட்டு வரக் கூடாது என்று நினைக்கிறேன்.

மூணாற்றுக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரை போகாதீர்கள். தென்மேற்கு மழை அந்தச் சரிவுகளில் கொட்டித் தீர்க்கும், நிலச்சரிவு பயமும் உண்டு. டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை பொன்னான காலம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது.

கொச்சியும் கடல் கடந்தும்

மலை ஏற முடியாதவர்களுக்குக் கொச்சி. போல்காட்டித் தீவில் 1744இல் டச்சுக்காரர் கட்டிய மாளிகை இப்போது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல், அதை ஒட்டி ஒன்பது குழி மைதானம். கைக்குழந்தையோடு போகும் குடும்பத்துக்கு வசதி. பதினெட்டுக் குழி வேண்டுமென்றால் நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டி விமான நிலைய நிறுவனமே அமைத்த மைதானம். விமானம் ஏறும் நாளில் காலையில் ஆடிவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு ஏற்றது. தாழ்ந்த வயல் நிலம் அது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அந்த விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. மழைக்காலத்தில் அங்கே கால் புதையும்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் கொழும்பு ஒரு மணி நேரம்தான் என்பதால் இலங்கையையும் பலர் கேட்கிறார்கள். 1879இல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் குறுக்கே களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை ஓடுகிறது. ரயில் போகும் வரை ஆட்டக்காரர் நிற்க வேண்டும். கண்டிக்கு அருகே திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் மைதானம் தங்கி ஆடுவதற்கென்றே அமைந்தது. ஆனால் ஒன்றுதான் முடியும் என்றால் நுவரெலியா. 6,000 அடிக்கு மேல், ஊருக்கு நடுவிலேயே, 1880களின் இறுதியில் உருவான பதினெட்டுக் குழி. தங்கும் விடுதியிலிருந்து மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போகலாம். ஏப்ரலில் புத்தாண்டுக் கூட்டம் ஊரை அடைத்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட, தெளிந்த காலம், அப்போது போங்கள். அங்கேயும் சுற்றிலும் தேயிலை, அங்கேயும் நம் மக்கள். திருநெல்வேலி, மதுரை, திருச்சிப் பக்கங்களிலிருந்து கப்பலேறிப் போய், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்.

இங்கேயே ஒன்று கட்டினால் என்ன?

விடுமுறைக்கு வந்தவர்கள் பேச்சின் நடுவே அடிக்கடி கேட்பது இது. பூவாற்றில் இத்தனை ரிசார்ட் வந்துவிட்டது, விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்துவிட்டது, நம் பக்கத்தில் ஒரு கோல்ஃப் ரிசார்ட் வந்தால் வேலைவாய்ப்பு பெருகாதா? நல்லெண்ணத்தில் கேட்கிறார்கள். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன், அதற்குக் கணக்கும் காட்டுவேன்.

முதலில் நிலம். பதினெட்டுக் குழிக்கு 100 முதல் 150 ஏக்கர் வேண்டும். 120 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 12,000 சென்ட். பாறசாலைப் பக்கம் ஒரு வீடும் பத்துத் தென்னையும் ஒரு கிணறும் பத்து சென்டில் அடங்கிவிடுகின்றன. அப்படிப் பார்த்தால் 1,200 வீடுகளின் விளை ஒரே மைதானத்துக்குள் போய்விடும். கேரளத்தில் நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1இல் முழுமையாக அமலுக்கு வந்தபோது ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 15 ஏக்கர், பெரிய குடும்பத்துக்கு 20 என்று உச்சவரம்பு வந்தது. தோட்டங்களுக்கு விலக்கு இருந்தது. தேயிலைக் கம்பெனி நிலத்தில் மூணாறு மைதானம் நீடித்ததற்கும், நம் பக்கத்தில் அத்தனை பெரிய நிலம் ஒரே கையில் இல்லாததற்கும் காரணம் இதுதான். சிறு நிலக்காரர்கள் ஆனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு வளைகுடாவிலிருந்து வருகிறார்கள். மிச்சமிருக்கும் ஏலாக்களை, அதாவது வயல்களை நிரப்ப 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் தடை போடுகிறது. அது இருக்க வேண்டிய தடை.

அடுத்து தண்ணீர். கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று வைத்தால், ஒரு ஹெக்டேருக்கு 50,000 லிட்டர். மைதானத்தில் நீர் பாய்ச்சும் பகுதி 20 ஹெக்டேர், அதாவது ஐம்பது ஏக்கர் என்று குறைவாகவே கொள்வோம். நாளுக்கு 10 லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்பது அரசு வைத்த அளவு. அந்த 10 லட்சம் லிட்டர் 18,000 பேருக்குக் குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் போதும்.

இந்தக் கணக்கை எங்கே போட்டாலும் கசக்கும், இங்கே கூடுதலாகக் கசக்கும். நெய்யாறு அணை 1958இல் கட்டப்பட்டது. அதன் இடதுகரைக் கால்வாய் எல்லையைத் தாண்டி விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குப் பாய்ந்தது. 2004இல் கேரளம் அந்த நீரை நிறுத்தியது. தமிழ்நாடு 2012இல் உச்சநீதிமன்றம் போனது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கால்வாய் காய்ந்து, நெல் போட்ட நிலத்தில் மரச்சீனியும் ரப்பரும் ஏறின. அண்ணன் வீட்டுக் கிணறு இந்தப் பக்கம், தம்பி வீட்டு வயல் அந்தப் பக்கம் என்று இருக்கும் ஊர்கள் இவை. குடிக்கவும் விதைக்கவும் போதாத ஆற்றில், பந்து உருள்வதற்காக ஒரு விளையாட்டுத் திடல் பங்கு கேட்பதை என்னால் ஏற்க முடியாது. கோல்ஃபை நேசிக்கிறவன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். தண்ணீருக்குச் சண்டை நடக்கும் இடத்தில் கட்டப்படும் மைதானம் ஆட்டத்துக்கே கெட்ட பெயர் வாங்கித் தரும்.

இது வேறு இடங்களில் நடந்தும் இருக்கிறது. ஆசியாவில் ரிசார்ட் மைதானங்கள் விவசாய நிலத்தையும் காட்டையும் தின்றபோது, 1993 ஏப்ரல் 29ஐ கோல்ஃப் இல்லா நாளாக அறிவித்து உலக அளவிலான எதிர்ப்பு இயக்கமே எழுந்தது. கோவாவின் தெரகோல் கிராமத்தில் கோல்ஃப் ரிசார்ட் திட்டத்துக்கு எதிராக ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சென்னையிலும் நில உரிமை கேள்விக்குள்ளானது. கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் 160 ஏக்கர் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்தது. அந்தத் திடலுக்குள்தான் சென்னை ஜிம்கானா கிளப்பின் பழைய கோல்ஃப் மைதானம். வேளச்சேரியை வெள்ளத்திலிருந்து காக்க அங்கே குளங்கள் வெட்டும் வேலை தொடங்கியது. பதினெட்டுக் குழியைவிட நாலு குளம் ஊருக்கு முக்கியம் என்றால் குளத்தின் பக்கம்தான் நிற்பேன்.

ஆகவேதான் விடுமுறைக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்கச் சொல்கிறேன். மலை மைதானங்கள் பெரும்பாலும் மழையையும் மூடுபனியையும் நம்பிப் பச்சையாக இருப்பவை. கோடையில் அங்கங்கே பழுப்பேறினால் முகம் சுளிக்காதீர்கள், அது நேர்மையான மைதானம். சமவெளியில் மார்ச் மாதம் மரகதம்போல் ஒரு மைதானம் இருந்தால், சுத்திகரித்த கழிவுநீரா, மழைநீர்க் குளமா, ஆழ்குழாய்க் கிணறா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். விருந்தினர்கள் கேட்கத் தொடங்கினால் நிர்வாகங்கள் பதில் தயாரித்துத்தான் ஆக வேண்டும்.

பையைச் சுமப்பவர்

மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பையைச் சுமந்து கூட நடக்கும் கேடிகளுக்கும் இடம் கொடுங்கள். வண்டியில் ஏறி ஆடுவதைவிடக் கேடியோடு நடந்து ஆடும் மைதானத்தை நான் விரும்புகிறேன். புதிய தரையில் உங்களுக்குக் கண் அவர்தான். கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது, எந்தக் காற்று எந்த மணிக்கு மாறும் என்பதெல்லாம் அங்கேயே நடந்து வளர்ந்தவருக்குத் தெரியும். சி. முனியப்பா பெங்களூரில் கேடியாகத் தொடங்கி 2009இல் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூருக்கு வெளியே ஈகிள்டன் ரிசார்ட்டை ஒட்டிய கிராமத்தில் வளர்ந்த சிக்கரங்கப்பா, அந்த மைதானத்தில் பந்து பொறுக்கும் பையனாக நின்று, ஆசிய அளவில் ஆடும் வீரரானார். இலங்கையிலிருந்து வந்து இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் வெல்லும் ந. தங்கராஜாவின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்த ஆட்டம் பணக்காரர்களுடையது என்று ஒதுங்கி நிற்கும் பையனுக்கு அந்தப் பெயர்கள் வழி திறக்கும்.

கேடியின் கூலியைக் கிளப் பலகையில் எழுதியிருப்பார்கள். அதை அவர் கையிலேயே கொடுங்கள், அதற்கு மேலும் கொடுங்கள். மழை வந்து ஆட்டம் பாதியில் நின்றால் முழுக் கூலியே கொடுங்கள். அவர் அந்த நாளை உங்களுக்காக வைத்திருந்தார்.

இந்த டிசம்பருக்கு என் யோசனை: வந்த முதல் வாரத்தில் கவடியாரில் இரண்டு காலைகள், ஒரு காலை பிள்ளைகளோடு. இடையில் பூவாறு, அங்கே மட்டைப் பையைத் திறக்கவே வேண்டாம், படகில் போங்கள். புத்தாண்டு கழிந்து கூட்டம் குறைந்ததும் போடிமெட்டு வழியாக மூணாறு, மூன்று இரவு. ஒன்பது குழியை இரண்டு நாள் ஆடினால் போதும், மூன்றாம் நாள் மனைவி குழந்தைகளோடு தேயிலைத் தோட்டப் பாதையில் நடங்கள். கிளப் அறைகள் குறைவு, உறுப்பினர்களுக்குத்தான் முன்னுரிமை. உங்கள் வளைகுடா கிளப்பிலிருந்து ஓர் அறிமுகக் கடிதம் வாங்கி, ஹேண்டிகேப் எண்ணையும் கூட வரும் குழந்தைகளின் வயதையும் எழுதி, அக்டோபரிலேயே அனுப்பிவிடுங்கள்.